நடு நாற்காலி

அந்த வீட்டில் வலது கைக்கு ஒரு சட்டம், இடது கைக்கு ஒரு சட்டம். வலது கை விரல்களில் நகம் வளர்ந்திருக்க வேண்டும், நைலான் தந்தியை மீட்டுவதற்கு. இடது கையில் நகம் என்ற பேச்சே இருக்கக் கூடாது, தந்தியை அழுத்துவதற்கு. வலது கையால் யாரும் டப்பா மூடி திறக்க மாட்டார்கள், பாத்திரம் தேய்க்க மாட்டார்கள், பேருந்தில் கம்பியைக்கூட இடது கையால்தான் பிடிப்பார்கள். ஒரு நகம் உடைந்தால் அன்றைக்கு வீட்டில் சாவு விழுந்த மாதிரி அமைதி. பிங்பாங் பந்தைக் கத்தரித்து, பிறை போலச் செதுக்கி, உடைந்த நகத்துக்கு அடியில் பசை தடவி ஒட்டிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி, விளையாடவே யாரும் இல்லாத வீட்டில் ஒரு டஜன் பிங்பாங் பந்து எதற்கு என்று கேட்டாளாம். பதில் தெரிந்த அன்றைக்கே தன் தலையெழுத்தும் தெரிந்துவிட்டது என்பாள். நகம் இல்லாத ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். திறக்க வேண்டிய மூடி எல்லாம் அவள் கைக்குத்தான் வரும்.

ஆனால் இது அண்ணியின் கதை இல்லை, அவளுடைய நாத்தனாரின் கதை. நாத்தனாருக்கு நாற்பத்தேழு வயது. ஒரு அண்ணனுக்கும் ஒரு தங்கைக்கும் நடுவில் பிறந்ததால் நடுவள். அவளுக்கென்று வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் எடுத்துத் தொந்தரவு செய்ததில்லை.

தாத்தா கப்பலில் தச்சு வேலை செய்தவர். மாலுமி ஒருவன் பழுது பார்க்கக் கொடுத்த கிட்டாரைச் சரிசெய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் வரவே இல்லை. சும்மா கிடப்பானேன் என்று தட்டித் தடவி வாசிக்கக் கற்றுக்கொண்டார். அப்பா அதையே படிப்பாகப் படித்தார். சுரம் எழுதிய தாளைப் பார்த்து, காலுக்கு அடியில் சின்ன ஸ்டூல் வைத்து, முதுகு வளையாமல் வாசிக்கிற செவ்வியல் முறை. ஒரு விரல் இடம் தப்பினாலும் தப்புத்தான். அப்பாவிடமிருந்து அண்ணன், அண்ணனிடமிருந்து அவன் மகள். தங்கைக்கு மட்டும் சுதி சேராத காது. கடவுள் அவள் காதைப் பிடுங்கிக்கொண்டு காலுக்கு விடுதலை கொடுத்தார் என்று நடுவள் நினைத்துக்கொள்வாள். தங்கை இப்போது கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் செவிலி. பிறந்த நாளுக்குத் தவறாமல் போன் செய்வாள்.

நடுவளுக்கு வாய்த்தது அடித் தந்திகள். அப்பா பாட்டை எடுப்பார், அண்ணன் எதிர்ப்பாட்டு கொடுப்பான், அண்ணன் மகள் மேலே மேலே சுருள் விடுவாள். இவள் கீழே 'தும், தும்' என்று கொண்டிருப்பாள். கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அவள் ஒப்புக்குச் சப்பாணி. வாசிக்கிற மூன்று பேருக்குத்தான் தெரியும், அவள் ஒரு நொடி நின்றால் மூன்று பேரும் மூன்று திசைக்குப் போய்விடுவார்கள் என்று. அப்பா எல்லாப் பாட்டையும் அவள் கை விரிகிற அளவைப் பார்த்தே எழுதியிருந்தார். வேறு எந்தக் கைக்கும் அது பொருந்தாது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்தான், அவளும் ஒரு முப்பது வயதுவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

கச்சேரியின் கடைசி உருப்படிக்கு வீட்டில் 'ஒற்றைக் கிட்டார்' என்று பெயர். நடுவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஏதோ ஒரு பள்ளி விழாவுக்குப் போகிற வழியில் மழை பெய்து, பேருந்தின் கூரை மேல் கட்டியிருந்த கிட்டார்கள் எல்லாம் ஊறிவிட்டன. மடியில் வைத்திருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. போன இடத்தில் சும்மா திரும்ப மனமில்லாமல், நான்கு பேரும் ஒரே கிட்டாரில் வாசிக்கிறோம் என்று அப்பா சொல்லிவிட்டார். வாசிக்கிறவர்களிலேயே சின்னவள் என்று நடுவளை நடு நாற்காலியில் உட்கார வைத்து, கிட்டாரை அவள் மடியில் கொடுத்தார்கள். அடித் தந்திகளை அவள் மீட்டினாள். பின்னால் உயரமான ஸ்டூலில் அப்பா உட்கார்ந்து, அவளுடைய வலது தோளுக்கு மேல் கையைப் போட்டு மேல் தந்திகளை மீட்டினார். இடப் பக்கம் அண்ணன் நெருங்கி உட்கார்ந்து, அப்பா மீட்டுகிற தந்தியை இரண்டு கையாலும் அழுத்தினான். வலப் பக்கம் தரையில் அம்மா உட்கார்ந்து கிட்டாரின் மரப்பெட்டி விலாவில் தாளம் தட்டினாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அன்றைக்குப் பிடித்தது, நாற்பத்தோரு வருடம் விடவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அம்மா போன பிறகு அந்த இடத்தில் பேத்தி உட்கார்ந்தாள். நடு நாற்காலிக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. முன்னால் கிட்டார், பின்னால் அப்பாவின் நெஞ்சு, இடப் பக்கம் அண்ணனின் முட்டி, வலப் பக்கம் ஒரு தலை. மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ள வழியில்லை. மற்ற மூன்று பேரில் யார் வேண்டுமானாலும் நடுவில் எழுந்து போகலாம், ஒரு சுருதி குறையும், அவ்வளவுதான். அவள் எழுந்தால் கிட்டாரே எழுந்துவிடும்.

இவ்வளவு காலத்தில் அவளுக்கு ஆசை என்று ஒன்றுமே வரவில்லையா என்றால், வந்தது. வந்ததை எல்லாம் அப்பா ஒரே வாக்கியத்தில் ஊறப் போட்டார்: கச்சேரி முடியட்டும். இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்தது. மூன்று மாதக் கச்சேரிப் பயணம் முடியட்டும் என்றார். அவர்கள் ஒரு பயணத்துக்குக் காத்திருந்தார்கள், இரண்டாவதுக்குக் காத்திருந்தார்கள், மூன்றாவதுக்கு வேறு இடத்தில் பத்திரிகை அடித்துவிட்டார்கள். முப்பத்திரண்டில் நூலகப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். ஆண்டுவிழாக் கச்சேரி முடியட்டும் என்றார். விண்ணப்பத்தின் கடைசித் தேதி முடிந்தது. அப்பா கொடுமைக்காரர் இல்லை. ஒருமுறைகூட 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிறகு ரொட்டி வந்தது. ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் அவளுடைய பள்ளித் தோழி பேக்கரி வைத்திருந்தாள். அதே ஊரில்தான் நல்ல தந்தி விற்கிற கடையும் இருந்தது. மாதம் இரண்டு முறை தந்தி வாங்கப் போகிறவள், பேக்கரியில் இரண்டு மணி நேரம் உட்கார ஆரம்பித்தாள். உட்கார்ந்தவள் ஒரு நாள் எழுந்து, வலது கைக்கு ரப்பர் உறை மாட்டிக்கொண்டு மாவைத் தொட்டாள். நகத்தின் பயத்தில் முதல் நாள் முழுக்க இடது கையால்தான் பிசைந்தாள். ஒற்றைக் கையால் மாவு பிசைகிறவளை உலகத்திலேயே தான்தான் பார்த்திருப்பேன் என்று தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். பத்து மாதத்தில் நடுவள் ஒரு அடுப்பு நிறைய ரொட்டியைத் தனியாக இறக்கக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அதில் பிடித்தது மணமோ ருசியோகூட இல்லை. காலையில் செய்தது சாயங்காலம் தீர்ந்துவிடும். தீர்ந்ததை மறுபடி வாசித்துக்காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

தோழியோடு வேலை பார்த்தவர் மகன் வீட்டோடு போய்விட்டார். நீ வந்துவிடு, அடுப்புக்கு மேலே ஒரு அறை இருக்கிறது, கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான் என்று தோழி கூப்பிட்டாள். இவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். சொல்லிவிட்டு வருவதற்கு ஏழு வாரம் ஆகியும் முடியவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை தோழி போனில் கெடு வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள சொல்லு. இல்லன்னா திங்கக்கிழமை காலைல வேற ஆளு வருது. உன்மேல எனக்குக் கோவம் கிடையாது. ஆனா அடுப்பு யாருக்காகவும் காத்திருக்காது."

சொல்லாமல் கிளம்பிப் போகலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பத்தோரு வருடம் மற்றவர்களுக்குக் கீழே தரை போட்டவள், தரையை உருவிக்கொண்டு ஓடுகிற ரகம் இல்லை. அப்பாவின் காதில் அது விழ வேண்டும். அவர் திட்டினாலும் சரி, அழுதாலும் சரி, விழுந்த பிறகுதான் அவளால் வாசற்படி தாண்ட முடியும். பாழாய்ப்போன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாதத்தின் முதல் ஞாயிறு, நேரலைக் கச்சேரி நாள்.

அரங்கங்களில் ஆள் வருவது குறைந்துபோன காலத்தில் அண்ணிதான் இந்த நேரலையை ஆரம்பித்தாள். முதல் கச்சேரிக்குப் பதினோரு பேர் பார்த்தார்கள், அதில் நான்கு பேர் அண்ணியின் பிறந்த வீடு. இப்போது இரண்டாயிரத்துக்குக் குறைவதில்லை. அப்பாவின் பழைய மாணவர்கள் எங்கெங்கோ இருந்து வந்து பார்த்தார்கள். கூடத்தின் தரையில் நான்கு நாற்காலிக்கும் கால் வைக்கிற இடத்தில் நீல நாடா ஒட்டியிருந்தது. அதைத் தாண்டி அரை அடி நகர்ந்தாலும் திரையை விட்டுப் போய்விடுவார்கள். ஜன்னலை எல்லாம் மூடி, மின்விசிறியையும் நிறுத்தி, ஒலிவாங்கியில் வேறு சத்தம் விழாமல் பார்த்துக்கொண்டாள் அண்ணி. பார்க்கிறவர்கள் எழுதுகிற செய்தியில் நடுவளுக்கும் ஒரு பங்கு உண்டு. நடு அக்கா சிரிக்கவே மாட்டாங்களா என்று மாதம் ஒருவராவது கேட்பார். அந்தப் புழுக்கத்தில் மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

கச்சேரி நாளில் காலையிலிருந்தே வீட்டில் வாய்ப்பூட்டு. கச்சேரியைத் தவிர வேறு பேச்சு எடுத்தால் மனம் கலைந்துவிடும் என்பது அப்பாவின் விதி. அவள் எட்டு மணிக்கு அவர் அறைக்குப் போனாள். எழுபத்தெட்டு வயதுக்காரர், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மருத்துவர் கத்தி பிடிக்கிற கவனத்தோடு நகத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். விரலை மட்டும் தூக்கி, அப்புறம் என்று சைகை காட்டினார். பதினொரு மணிக்குப் போனாள், குளித்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குத் தூங்கினார். மூன்று மணிக்குச் சுதி சேர்க்கும்போது பக்கத்தில் போய் நின்று, அப்பா ஒரு விஷயம் என்றாள். அவர் காதைத் தந்தியோடு வைத்தபடியே சொன்னார்.

"கச்சேரி முடியட்டும்மா."

அண்ணி சமையலறை வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். நடுவளின் பைக்குள் மாவு ஒட்டிய ரப்பர் உறையைப் பார்த்த அன்றே தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை. கடந்து போகும்போது மட்டும் மெதுவாக, "கச்சேரி முடிஞ்சா அவர் செய்தி படிக்க உக்காந்துருவார், அப்புறம் மாத்திரை, அப்புறம் படுக்கை. உனக்கு நாளைக்குத்தான்" என்றாள். நாளைக்கு என்பது ஆறு மணிக்கு அப்பால் இருந்தது.

நான்கு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றேகால் மணி நேரம் அவரவர் கிட்டாரில் வாசித்தார்கள். சுவர்க் கடிகாரத்தைக் கேமராவுக்குப் பின்னால், வாசிக்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தார்கள். நடுவள் தாளைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தாள். ஐந்து இருபதுக்கு அப்பா கேமராவைப் பார்த்துக் கை கூப்பி, கடைசி உருப்படி என்றார். மற்ற கிட்டார்கள் போயின. அவள் மடியில் ஒன்று வந்தது. அப்பா பின்னால் ஏறி உட்கார்ந்து வலது கையை அவள் தோளில் இறக்கினார். அண்ணன் நெருங்கினான். அண்ணன் மகள் தரையில் உட்கார்ந்து பெட்டியின் மேல் விரலை வைத்தாள். பூட்டு விழுந்தது.

ஒற்றைக் கிட்டாருக்கு ஒரு நடைமுறை உண்டு. பாட்டு ஒரு சுற்று, இரண்டு நிமிடம் போகும். சுற்றின் முடிவில் அப்பா தன் முழங்கையால் நடுவளின் தோளை அழுத்தினால் இன்னொரு சுற்று. முழங்கையைத் தூக்கினால் முடிவு. அவள் அடித் தந்தியில் அதை மற்ற இருவருக்கும் தெரிவிப்பாள். வழக்கமாக மூன்று சுற்று. கூட்டம் மயங்கிக் கிடந்த ஒரு பழைய நாளில் ஐந்து போயிருக்கிறது. அதற்கு மேல் போனதில்லை.

முதல் சுற்றின் நடுவில் ஒரு இடம் வரும். மேல் தந்தி ஓய்ந்து, அடித் தந்தி மட்டும் மெதுவாக நடக்கும். அப்பாவின் விரல்கள் சும்மா இருக்கும், முகம் அவள் காதுக்குப் பக்கத்தில் இருக்கும், அவர் மூச்சு கன்னத்தில் படும். நாற்பத்தோரு வருடமாக வந்துபோகிற இடம்தான். அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது: அந்த வீட்டில் அவளும் அப்பாவும் தனியாக இருக்கிற இடம் இது ஒன்றுதான். இங்கே அவரால் கையைத் தூக்கி அப்புறம் என்று காட்ட முடியாது. எழுந்து போக முடியாது. உதடு அசையாமல் பேசினாள்.

"அப்பா, நான் நாளைக்குக் காலைல போறேன். பேக்கரில வேலை. திரும்பி வர மாட்டேன்."

மேல் தந்தி தொடங்குகிற இடத்தில் சரியாகத் தொடங்கியது. ஒரு நகம்கூடத் தடுமாறவில்லை. காதில் விழவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் காதில் பெரிய கேட்பான் மாட்டிக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணியின் கை வாய்க்குப் போனது. கிட்டாருக்கு ஒரு சாண் முன்னால் இருந்த ஒலிவாங்கி அதைப் பிடித்துவிட்டது. அந்த இரண்டாயிரம் பேரில் எத்தனை பேர் கவனித்தார்களோ, நடுவள் அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் இல்லை. சுற்று முடிந்தது. முழங்கை அழுத்தியது.

இரண்டாவது சுற்று முடிந்தது. அழுத்தியது. மூன்றாவது முடிவில் அவள் தோள் தானாகவே தயாரானது, எழுந்திருப்பதற்கு. முழங்கை முன்னைவிடப் பலமாக இறங்கியது. நான்காவதிலும் இறங்கியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காதில் விழுந்துவிட்டது. விழுந்ததற்கு இதுதான் பதில்.

ஐந்து. ஆறு. அண்ணன் தாளம் பிசகாமல் பல்லுக்குள்ளேயே, என்ன ஆச்சு இவருக்கு என்று கேட்டான். அவனுடைய விரல் நுனிகளில் தந்தி பதிந்து வெளுத்திருந்தது. அண்ணன் மகள் தரையில் கால் மாற்றி உட்கார வழியில்லாமல் நெளிந்தாள். திரையில் செய்திகள் பொங்கி வழிந்தன. இன்னும் இன்னும் என்று கெஞ்சினார்கள், இப்படி ஒரு விருந்து கிடைத்ததே இல்லை என்றார்கள். அடப் பாவிகளா, விருந்தாம் என்று நினைத்துக்கொண்டாள் நடுவள். ஏழாவது சுற்றில், அந்த ஓய்கிற இடத்தில், மறுபடி வாயைத் திறந்தாள்.

"கேட்டுச்சாப்பா?"

மூச்சு மட்டும் கன்னத்தில் பட்டது, முன்னைவிட வேகமாக.

அவள் ஏன் நிறுத்தவில்லை என்று அண்ணி பிற்பாடு பல முறை கேட்டாள். கையை எடுத்துத் தந்தியின் மேல் வைத்தால் போதும், எல்லாம் ஓய்ந்துவிடும். நடுவளால் அதைச் சொல்லி விளக்க முடியவில்லை. மின்சாரம் போன அரங்கத்தில் இருட்டிலேயே வாசித்து முடித்த குடும்பம் அது. பாதியில் நிறுத்துவது எப்படி என்று அவள் கைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவே இல்லை. தவிர, அத்தனை மாணவர்கள் பார்க்கிறபோது அவர் விரல் அந்தரத்தில் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்த மனிதர் ஒரு வரனை ஊறப் போட்டார், ஒரு படிப்பை ஊறப் போட்டார், இப்போது உலகமே பார்க்க என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆறு மணியை ஊறப் போடுகிறார் என்று கொதித்தாள். கொதித்துக்கொண்டே ஒரு 'தும்'கூடத் தப்பாமல் வாசித்தாள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பத்தாவது சுற்றில் மணி ஐந்து நாற்பது. முழங்கை இப்போது சுற்று முடிவில் மட்டும் அழுத்தவில்லை, எப்போதுமே அழுத்திக்கொண்டிருந்தது. ஈரத் துணி மூட்டையைத் தோளில் வைத்த மாதிரி கனத்தது. அவளுடைய வலது கைக்கு ரத்தம் ஓடுவது குறைந்து விரல் மரத்தது. பன்னிரண்டாவது சுற்று தொடங்கியபோது கேமராவுக்குப் பின்னால் அண்ணி யாரையும் கேட்கவில்லை. காதிலிருந்து கேட்பானைக் கழற்றி மேசையில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. இரண்டாயிரம் பேரும் பாதிப் பாட்டில் ஒழிந்தார்கள்.

"போதும். நான் மூடிட்டேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் கையை எடுத்து உதறினான். அவன் மகள் தரையில் அப்படியே சாய்ந்து காலை நீட்டினாள். ஆனால் அப்பாவின் நகம் நிற்கவில்லை. அழுத்துவதற்கு அண்ணனின் விரல் இல்லாததால் பாட்டு வரவில்லை, வெறும் தந்திகள்தான் ஒன்று மாற்றி ஒன்று ஒலித்தன. கேமரா இல்லை, மாணவர்கள் இல்லை, முழங்கை மட்டும் இருந்தது. நடுவள் தன் விரலை நிறுத்தினாள். பிறகு உள்ளங்கையை விரித்துத் தந்திகளின் மேல் வைத்தாள், அவருடைய விரல்களையும் சேர்த்து. கூடத்தில் சத்தம் ஓய்ந்தது. மூடின ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவது கேட்டது.

"கையை எடுங்கப்பா" என்றாள்.

அவர் எடுக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்க முயன்றாள். அந்த நாற்காலியிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாது, எந்த நாளும் பார்க்க முடிந்ததில்லை. காதுக்குப் பக்கத்தில் குரல் வந்தது. கச்சேரிக் குரல் இல்லை, வறண்டு போன குரல்.

"மொத அஞ்சாறு தடவை வேணும்னுதான் அழுத்தினேன். அதுக்கப்புறம் தூக்கப் பாத்தேன். வரல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். நான்கு மாதமாகத் தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று சுற்று தாங்கும், அதற்கு மேல் போனால் கை மரக்கட்டை. அதனால்தான் மூன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, கச்சேரி முடியட்டும் என்று இருந்துவிட்டார். இன்றைக்கு அவள் அந்தச் சொல்லைச் சொன்னதும், கையை எடுத்தால் அவள் எழுந்துவிடுவாள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு விட்டுவிடலாம் என்று மனம் இறங்கி வந்தபோது கை வர மறுத்துவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் சிரிக்க முயன்றார். அவர் நெஞ்சு அவள் முதுகில் குலுங்கியது, அது சிரிப்பு மட்டும் இல்லை என்று முதுகுக்குத் தெரிந்தது.

நடுவளுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரியதாகப் பயம் வந்தது. இத்தனை நேரம் கோபம் இருந்தது, கோபத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம் என்று இருந்தாள். இப்போது அதுவும் போயிற்று. தோளில் இருப்பது ஒரு கிழவரின் மரத்துப்போன கை. இதைப் போட்டுவிட்டு யாரால் போக முடியும்? பரவாயில்லப்பா, நான் இருக்கேன் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இருபது வருடமாகப் பழகிய வார்த்தை, தானாக வந்துவிடும். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. அண்ணி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த மாசம் போறேன்னு சொல்லிடாத. அடுத்த மாசமும் நான் அழுத்துவேன்" என்றார் அப்பா.

அவள் கிட்டாரை மடியிலிருந்து எடுத்து அண்ணன் மகளிடம் நீட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி, வலிக்காமல் மெதுவாகத் தோளிலிருந்து தூக்கினாள். அவருக்கு வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். தூக்கிய கையைக் கீழே தொங்க விட மனமில்லை. பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் தோளில் கொண்டுபோய் வைத்தாள். அண்ணன் அந்தக் கனத்துக்குக் கொஞ்சம் சாய்ந்தான், நிமிர்ந்தான், அவளைப் பார்த்தான். அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நடுவள் எழுந்தாள். இரண்டு காலும் மரத்திருந்தன. தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நீல நாடாவைத் தாண்டி, சுவரைப் பிடித்துப் பிடித்து, போன் இருந்த அறைக்கு ஆறேழு அடி நடந்தாள். இரண்டு முறை விழப் பார்த்தாள். கூடத்தில் இருந்த நான்கு பேரில் யாரும் கை கொடுக்க எழுந்து வரவில்லை. கொடுத்திருந்தால் அவள் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பாள்.